ஸ்மாஷ், ஸ்பைக், த்ரோ: இறுகிய தோள்பட்டையை நீட்டும் முறை, படிப்படியாக

கையைத் தலைக்கு மேல் ஓங்கி ஆடுபவர்களுக்கான வழிகாட்டி இது. வாலிபாலில் ஸ்பைக் அடிப்பவர்கள், பாட்மின்டன் ஆடுபவர்கள், வேகப்பந்து வீச்சாளர்கள், பவுண்டரியிலிருந்து த்ரோ அடிக்கும் ஃபீல்டர்கள், ஈட்டி எறிபவர்கள், நீச்சல்காரர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். தோள் இறுகிவிட்டது என்று தோன்றியதும் கைகளைப் பின்னால் இழுக்கத் தொடங்குகிறார்கள். மைதானத்தில் பின்னால் ஒருவர் நின்று இரண்டு முழங்கைகளையும் சேர்த்து இழுப்பதை எங்கும் பார்க்கலாம். ஆனால் ஓங்கி அடிப்பவர்களின் தோளில் முன்புறம் பெரும்பாலும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், இறுகுவது பின்புறம். வேகமாகப் பாயும் கையை ஒவ்வொரு அடியின் முடிவிலும் பிடித்து நிறுத்துவது பின்புறத் தசைகள்தாம். அந்த வேலையே அவற்றை விறைக்க வைக்கிறது, காலப்போக்கில் மூட்டு உறையின் பின்பகுதியும் தடிக்கிறது. இதனால் கை உள்பக்கமாகச் சுழலும் வீச்சு குறைகிறது.

ஆகவே எங்கே இறுக்கம் என்று முதலில் அளந்து பாருங்கள். நீட்டும்போது தோள்பட்டை எலும்பு நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். கிடைத்த வீச்சை அன்றே தசைக்குப் பழக்குங்கள். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த மூன்றையும் ஒட்டியது.

1. யார் இப்போது நீட்டக் கூடாது

தோள் ஒருமுறையாவது நழுவியிருந்தாலோ, கையை ஓங்கும்போது நழுவிவிடும் என்ற பயம் வந்தாலோ நீட்சி வேண்டாம். அந்தத் தோளுக்குத் தேவை பலம். அங்கே தெரியும் இறுக்கம், மூட்டைக் காப்பாற்றத் தசை தானாகப் பிடித்துக்கொள்வது.

தூக்கத்தைக் கலைக்கும் வலி, விரல்வரை இறங்கும் மரமரப்பு, வலியோடு சேர்ந்த சொடுக்குச் சத்தம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆடிய பிறகு கை முழுவதும் வீங்கி, கனத்து, நீலம் பாய்ந்தால் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாலிபால் ஆடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து யாரையாவது உங்கள் தோள்பட்டை எலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் குறுக்கு மேட்டுக்குக் கீழே, அடிக்கும் கைப் பக்கம் மட்டும் சதை வற்றிக் குழி விழுந்திருந்தால் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். வலியே இல்லாமல் இது வரும். நீட்சியால் சரியாகாது.

வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக 11 முதல் 16 வயதுவரை, எறியும்போது மேற்கையின் உச்சியில் வலித்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு மருந்து ஓய்வு. கோச் எவ்வளவு வற்புறுத்தினாலும் நீட்டவும் வேண்டாம், எறியவும் வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

பாய் ஒன்று, துண்டு இரண்டு, டென்னிஸ் பந்து ஒன்று, கோணம் காட்டும் செயலி உள்ள போன், நீளமான கம்பு ஒன்று, இலகுவான ரெசிஸ்டன்ஸ் பேண்ட் ஒன்று, அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை. தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலே ஏறக்குறைய ஒரு கிலோ வரும்.

கிரிக்கெட் பந்தை டென்னிஸ் பந்துக்குப் பதிலாக எடுக்காதீர்கள். அது எலும்பின் மேல் கடினமாக அழுந்தும். தசை தளர்வதற்குப் பதில் இன்னும் விறைக்கும்.

அளவெடுக்கும்போது உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். தனியாக எடுத்த அளவை நம்ப முடியாது. காரணம் அடுத்த படியில்.

3. அளவெடுத்தல்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இது. இதைத் தாண்டினால் மற்றவை எல்லாம் குருட்டாம்போக்கு.

ஓய்வு நாளில், உடல் சூடேறுவதற்கு முன் அளங்கள். கடுமையாக ஆடிய மறுநாள் வேண்டாம். நிறைய எறிந்த பிறகு உள்சுழற்சி சட்டென்று குறைந்து மறுநாளும் அப்படியே இருக்கும். பேஸ்பால் பிட்சர்களிடம் இந்த இறக்கம் ஏறக்குறைய 10 டிகிரிவரை பதிவாகியிருக்கிறது. அன்று எடுத்த அளவு உங்கள் உண்மையான நிலையைச் சொல்லாது.

மல்லாந்து படுங்கள். கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி விரித்து, முழங்கையை 90 டிகிரி மடக்குங்கள். விரல்கள் கூரையை நோக்கட்டும். மேற்கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். முழங்கை தோளின் மட்டத்துக்கு வர வேண்டும். துண்டு இல்லாவிட்டால் முழங்கை தாழ்ந்து, அளவு மாறிவிடும். முன்கை செங்குத்தாக நிற்கும் நிலைதான் பூஜ்யம்.

உதவிக்கு இருப்பவர் தோளின் முன்புறத்தை உள்ளங்கையால் மெல்லத் தாங்கிக்கொண்டு, உங்கள் முன்கையைப் பாதத்தின் பக்கம் சாய்க்கட்டும். தோள் தரையிலிருந்து எழும்ப முயலும் கணத்தில் நிறுத்த வேண்டும். போனின் நீள விளிம்பை முன்கையோடு ஒட்டி வைத்துக் கோணத்தைக் குறியுங்கள்; அது உள்சுழற்சி. பிறகு தலைப் பக்கமாகச் சாய்த்து வெளிச்சுழற்சியையும் குறியுங்கள். இரண்டு கைக்கும் தனித்தனியே மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

தோளைப் பிடிக்காமல் அளந்தால் தோள்பட்டை எலும்பு முன்னால் கவிழ்ந்து கொடுக்கும், இல்லாத 15, 20 டிகிரி கூடுதலாகத் தெரியும். தனியாக அளக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இனி எண்களைப் படிப்பது. இடது கையில் உள்சுழற்சி 60, வெளிச்சுழற்சி 95, கூட்டினால் 155 என்று வைத்துக்கொள்வோம். அடிக்கும் வலது கையில் உள்சுழற்சி 45, வெளிச்சுழற்சி 110, கூட்டினால் அதே 155. உள்சுழற்சி 15 டிகிரி குறைந்திருந்தாலும் இது இறுக்கம் இல்லை. சிறுவயதிலிருந்தே எறிபவர்களுக்கு மேற்கை எலும்பே சற்றுப் பின்னோக்கி முறுகி வளர்ந்திருக்கும். பிறக்கும்போது உள்ள முறுக்கு வளர வளர அவிழ வேண்டியது, எறிவதால் முழுதாக அவிழாமல் நின்றுவிடுகிறது. எலும்பை எந்த நீட்சியாலும் மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை.

அதே வலது கையில் உள்சுழற்சி 40, வெளிச்சுழற்சி 105 வந்தால் கூட்டுத்தொகை 145. உள்சுழற்சியில் 20 டிகிரி, கூட்டுத்தொகையில் 10 டிகிரி இழப்பு. இதுதான் தசையும் உறையும் இறுகியதன் அடையாளம். உள்சுழற்சி 18 முதல் 20 டிகிரிக்கு மேல் குறைந்து, கூட்டுத்தொகையும் 5 டிகிரிக்கு மேல் குறைந்திருந்தால் ஏழாம் படி உங்களுக்கு முக்கியம். கூட்டுத்தொகை சமமாக இருந்தால் ஏழாம் படியை விட்டுவிட்டு நான்கு, ஐந்து, ஆறில் கவனம் வையுங்கள்.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. முழங்காலை மடக்கி மல்லாந்து, இடுப்பைத் தரையோடு அழுத்திக்கொண்டு, இரு கைகளையும் தலைக்கு மேல் தரைவரை கொண்டுபோங்கள். கை தரையைத் தொடும் முன்பே விலா எழும்பினாலோ இடுப்பு வளைந்தாலோ பக்கவாட்டு முதுகுத் தசை, அதாவது ஜிம்மில் விங்ஸ் என்று சொல்வது, இறுகியிருக்கிறது. அடுத்து, கைகளைத் தளர்த்தி மல்லாந்து கிடக்கும்போது தோளின் பின்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். அடிக்கும் பக்கம் கூடுதலாக இருந்தால் மார்பின் முன்புறச் சிறுதசை இழுக்கிறது.

நின்று பார்க்கும்போது அடிக்கும் பக்கத் தோள் சற்றுத் தாழ்ந்து தெரிந்தால் கவலைப்படாதீர்கள். ஒரு கையால் ஆடுபவர்களிடம் அது சாதாரணம்.

4. முதலில் மேல்முதுகு

தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் நகர்கிறது. மேல்முதுகு கூன் விழுந்து விறைத்திருந்தால் அந்த எலும்பு பின்னால் சாய இடமில்லை, கை முழு உயரம் போகாது. அதனால் தோளைத் தொடுமுன் இதைச் செய்கிறோம்.

துண்டை இறுக்கமாக உருட்டி, தோள்பட்டை எலும்புகளின் கீழ் நுனி மட்டத்தில் முதுகுக்குக் குறுக்கே வைத்துப் படுங்கள். கைகளால் தலையைத் தாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடியே துண்டின் மேல் மெல்லப் பின்னால் சாயுங்கள். 8 முறை. பிறகு துண்டை இரண்டு விரல் அளவு மேலே ஏற்றி மறுபடி 8. இடுப்பு வளைந்தால் அசைவு முழுவதும் இடுப்புக்குப் போய்விடும். முழங்காலை மடக்கி, வயிற்றை லேசாக இறுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒருக்களித்துப் படுத்து, மேல் முழங்காலை மடித்துத் தலையணை மேல் அழுத்துங்கள். மேல் கையைப் புத்தகம் திறப்பது போல் எதிர்ப்பக்கம் திறந்து, பார்வையையும் அதனுடனே கொண்டுபோங்கள். பக்கத்துக்கு 8 முறை. முழங்கால் தலையணையை விட்டுக் கிளம்பினால் சுழல்வது இடுப்பு, முதுகு இல்லை.

5. மார்பின் முன்புறம்

இங்கே நீட்ட வேண்டியது தோள்பட்டை எலும்பின் முன்கொக்கியைப் பிடித்து இழுக்கும் சிறுதசையை. தோள்மூட்டின் முன் உறையை அல்ல. இரண்டும் அருகருகே இருப்பதால் பலர் தவறானதை இழுக்கிறார்கள்.

கதவு நிலையின் ஓரத்தில் நில்லுங்கள். முழங்கையைத் தோள் மட்டத்தில் அல்லது கொஞ்சம் மேலே மடக்கி, முன்கையை நிலையில் பதியுங்கள். தோளை முதலில் பின்னாலும் கீழேயும் இழுத்து நிறுத்துங்கள். அதன் பிறகு மார்பைக் கையிலிருந்து விலக்கித் திருப்புங்கள். 30 விநாடி, மூன்று முறை.

இழுவை காறை எலும்புக்குக் கீழே, மார்பில் தெரிய வேண்டும். தோளின் முன் நுனியில் தெரிந்தால் மேற்கை எலும்பின் தலை முன்னால் தள்ளப்படுகிறது. உடனே தளர்த்தி, தோளை மறுபடி பின்னால் வைத்து, குறைவாகத் திரும்புங்கள். முழு உடல் எடையையும் கதவின் மேல் சாய்ப்பதும், மற்றவரை விட்டு இழுக்கச் சொல்வதும் இந்தப் படியில் கூடவே கூடாது.

6. பக்கவாட்டு முதுகு

விங்ஸ் தசை இடுப்பெலும்பில் தொடங்கி மேற்கை எலும்பின் முன்புறத்தில் முடிகிறது. இடுப்பை விட்டுவிட்டுக் கையை மட்டும் இழுத்தால் அது நீளாது.

நாற்காலி அல்லது பெஞ்சின் முன் முழந்தாளிடுங்கள். முழங்கைகளை அதன் மேல் வைத்து, இரு கைகளாலும் கம்பைக் குறுக்காகப் பிடியுங்கள். உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வாலெலும்பை உள்ளே மடக்கி, விலாவைக் கீழே வைத்தபடி, பிட்டத்தைக் குதிகாலை நோக்கி நகர்த்துங்கள். 30 விநாடி, மூன்று முறை. நெஞ்சைத் தரைக்கு அமுக்கி இடுப்பை வளைத்தால் நீட்சி முழுவதும் கைவிட்டுப் போய்விடும்.

கம்பியில் தொங்குவதும் சிலருக்குச் சரிதான். ஆனால் மூட்டு தளர்ந்தவர்களும் நீச்சல்காரர்களும் உடலை விட்டுத் தொங்க வேண்டாம். அதில் எடை முழுவதும் மூட்டு உறையில் விழுகிறது.

7. தோளின் பின்புறம்

மூன்றாம் படியில் கூட்டுத்தொகை குறைந்தவர்களுக்கு மட்டும். இங்கே அவசரம் வேண்டாம், மூன்று கட்டமாகப் போகலாம்.

முதலில் தசையைத் தளர்த்துவோம். சுவரில் சாய்ந்து, தோள்பட்டை எலும்பின் குறுக்கு மேட்டுக்குக் கீழே, வெளிஓரமாக டென்னிஸ் பந்தை வையுங்கள். வலிக்கும் புள்ளி கிடைத்ததும் அங்கேயே நின்று, கையை மெல்ல உள்ளேயும் வெளியேயும் சுழற்றுங்கள். ஒன்று முதல் இரண்டு நிமிடம் போதும். விரலில் மரமரப்பு வந்தால் பந்து அக்குளுக்கு மிக அருகில் போய்விட்டது, உள்ளே நகர்த்துங்கள். இதை முதலில் செய்வதற்குக் காரணம், விறைத்த தசை நீட்சியை எதிர்த்து நிற்கும் என்பதே.

அடுத்தது மார்புக்குக் குறுக்கே இழுக்கும் நீட்சி. எல்லோரும் செய்கிறார்கள், பெரும்பாலோர் தவறாகச் செய்கிறார்கள். நின்றுகொண்டு முழங்கையை மார்புக்குக் குறுக்கே இழுத்தால் தோள்பட்டை எலும்பும் கூடவே ஓடி வந்துவிடும். இழுவை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் தெரியும். அங்கே இறுக்கமே இல்லை. இருக்க வேண்டிய பிடிமானத்தைத்தான் தளர்த்துகிறீர்கள்.

ஆகவே எலும்பைப் பூட்டுங்கள். அடிக்கும் கைப் பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள், தலைக்குத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடையே தோள்பட்டை எலும்பைப் பாயோடு அழுத்தி வைக்கும். மேற்கையை உடலுக்குச் செங்குத்தாக முன்னே நீட்டி, முழங்கையை மடக்குங்கள். மற்றக் கையால் முழங்கைக்குப் பின்னே பிடித்து எதிர்த் தோளை நோக்கி இழுங்கள். இழுக்கும் கையின் முன்கையை அடிக்கும் கையின் முன்கை மேல் படுக்க வைத்தால், கை வெளியே சுழன்று தப்பிக்காது. 30 விநாடி, ஐந்து முறை. மைதானத்தில் படுக்க இடமில்லாவிட்டால் தோள்பட்டை எலும்பின் வெளிஓரத்தைத் தூணில் அழுத்தி நின்று செய்யலாம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்து வரும் ஸ்லீப்பர் ஸ்ட்ரெச்சை விடப் பலருக்கு இது வலி தராமல் அதே வேலையைச் செய்கிறது. ஒரு வாரம் இதை மட்டுமே செய்து பார்ப்பது நல்லது.

மூன்றாவது, ஸ்லீப்பர் ஸ்ட்ரெச். அதே மாதிரி ஒருக்களித்து, மேற்கை தோள் மட்டத்தில் முன்னே, முழங்கை 90 டிகிரி, விரல்கள் கூரையை நோக்கி. உடலை 20 முதல் 30 டிகிரி பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். எடை தோளின் நுனியில் இல்லாமல் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் இருக்க வேண்டும். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்து, முன்கையைப் பாயை நோக்கி, பாதத்தின் திசையில் மெல்லத் தள்ளுங்கள். 30 விநாடி, மூன்று முறை.

தள்ளும் விசை மிகக் குறைவாக இருக்கட்டும். முன்கை நீளமான நெம்புகோல். மணிக்கட்டில் சிறிது தள்ளினாலே மூட்டில் பெரிய முறுக்கு விழும்.

தோளின் முன்னோ மேலோ கிள்ளுவது போல் வலித்தால் அது நீட்சி இல்லை. மூட்டின் மேல் இடுக்கில் தசைநாண் நசுங்குகிறது. முழங்கையை 10, 20 டிகிரி இடுப்புப் பக்கம் இறக்குங்கள், இன்னும் கொஞ்சம் பின்னால் சாயுங்கள். அப்படியும் வலித்தால் இதை முழுதாக விட்டுவிட்டு முந்தைய நீட்சியோடு நில்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்து கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் நகரவில்லை என்றால் ஒரு வழி உண்டு. நீட்சியின் முடிவில், தள்ளும் கைக்கு எதிராக முன்கையை மேலே தள்ளுங்கள், முழு பலத்தில் கால் பங்கு மட்டும், 5 விநாடி. தளர்த்தி, மூச்சை விட்டு, கூடுதலாகக் கிடைத்த இடத்துக்குப் போய் 30 விநாடி நில்லுங்கள். மூன்று சுற்று.

முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுக்கும் பழக்கத்தை இந்தக் காரியத்துக்கு விட்டுவிடுங்கள். தோள் முன்னால் கவிழ்ந்துதான் கை ஏறுகிறது. பின்புற உறை அப்படியே இருக்கும்.

8. கிடைத்த வீச்சை அன்றே பழக்குதல்

நீட்டி எழுந்து போய்விட்டால் சில மணி நேரத்தில் தசை பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். புதிய இடத்தில் தனக்குப் பலம் இருக்கிறது என்று அது உணர வேண்டும்.

அளவெடுத்த அதே நிலையில் மல்லாந்து, யாரும் தள்ளாமல் உங்கள் பலத்திலேயே முன்கையை உள்ளே சுழற்றி, கடைசிக் கோணத்தில் 5 விநாடி நிறுத்துங்கள். 5 முறை. தோள் தரையை விட்டு எழும்பக் கூடாது.

பிறகு அடிக்காத கைப் பக்கமாக ஒருக்களித்து, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை வைத்து, ஒரு கிலோ எடையோடு வெளியே சுழற்றுங்கள். இறக்கும்போது மூன்று விநாடி எடுங்கள். 15 முறை, மூன்று சுற்று. அடியின் முடிவில் கையைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு இதே மெதுவான இறக்கம்தான் பயிற்சி.

கடைசியாக, சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுத்து, மேலே வந்ததும் தோள்பட்டைகளை இன்னும் முன்னே தள்ளி இரண்டு விநாடி நில்லுங்கள். 12 முறை, இரண்டு சுற்று. தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டி வைக்கும் தசைக்கு இது.

9. எந்த நேரத்தில் எது

ஆட்டத்துக்கு முன் நீண்ட நேரம் பிடித்து நிற்கும் நீட்சிகள் வேண்டாம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிவிட்டு உடனே அடிக்கப் போனால் அதன் வலுவும் வேகமும் சற்றுக் குறையும். ஆட்டத்துக்கு முன் நான்காம் படி, கைச்சுழற்சி, பேண்டில் வெளிச்சுழற்சி 15 முறை, பிறகு மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டும் அடிகள். அன்று தோள் மிக விறைப்பாக இருந்தால் மார்புக்குக் குறுக்கே இழுப்பதை 15 விநாடி இரண்டு முறை சேர்க்கலாம்.

ஐந்து முதல் ஏழுவரை உள்ள நீட்சிகளை ஆட்டம் முடிந்து உடல் சூடாக இருக்கும்போது, அல்லது மாலையில் வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு செய்யுங்கள். வாரம் ஐந்து, ஆறு நாள். எட்டாம் படியின் எடைப் பயிற்சி வாரம் மூன்று நாள் போதும். போட்டிக்கு முந்தைய நாள் வேண்டாம்.

ஒரே நாளில் அரை மணி நேரம் நீட்டிவிட்டு நான்கு நாள் விடுவதை விட, தினமும் ஐந்தாறு நிமிடம் அதிகம் தரும்.

10. மறுபடி அளத்தல்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே உதவியாளரோடு அளங்கள். நான்கு வாரத்தில் தெளிவான மாற்றம் தெரிய வேண்டும். 3 டிகிரிக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாதீர்கள். அது அளக்கும் பிழையாகவே இருக்கும்.

கூட்டுத்தொகை மற்றக் கையோடு சமமானதும் ஏழாம் படியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்துவிடுங்கள். உள்சுழற்சி மற்றக் கையைத் தொடும்வரை இழுத்துக்கொண்டே போனால், எலும்பின் முறுக்கால் குறைந்த பங்கையும் உறையிலிருந்து பறிக்கிறீர்கள். மூட்டு தளரத் தொடங்கும்.

ஆறு வாரமாகியும் எண் நகரவே இல்லை என்றால் முதலில் உங்கள் ஆட்டத்தின் அளவைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை ஸ்பைக், எத்தனை ஓவர் என்று எழுதி வைத்தால், இறுக்கம் ஏறும் வாரங்கள் எவை என்று தெரியும். அதிலும் விடை கிடைக்காவிட்டால் அளவுக் குறிப்புகளோடு விளையாட்டுத் துறையில் பழகிய ஃபிசியோவிடம் போங்கள். மூட்டு உறை தடித்திருந்தால் அவர் கையால் மூட்டை நகர்த்திச் செய்யும் சிகிச்சை தேவைப்படும். அதை வீட்டில் யாரிடமும் கொடுத்துச் செய்யக் கூடாது.